யார் கொன்றது, ஏன் ஆறு முறை: இரண்டு பாட்காஸ்ட்கள், இரண்டு கேள்விகள்

உண்மைச் சம்பவத்தைத் தொடராகச் சொல்லும் பாட்காஸ்ட் என்றதும் பலரும் 2014-ல் வந்த 'சீரியல்' முதல் சீசனைத்தான் சொல்வார்கள். எனக்கு அதைவிட 2018-ல் வந்த 'இன் தி டார்க்' இரண்டாம் சீசன் ஒரு படி மேல்.

சீரியல் எடுத்துக்கொண்டது 1999-ல் பால்டிமோரில் நடந்த கொலையை. ஹே மின் லீ என்ற மாணவியைக் கொன்றது அவருடைய முன்னாள் காதலர் அத்னான் சையதுதானா? பள்ளி விட்ட பிறகான 21 நிமிடங்களை தொகுப்பாளர் சாரா கோனிக் அலசும்போது காதை எடுக்க முடியாது. ஒரு எபிசோடு வெளியானபோது அடுத்தது இன்னும் தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் அத்னானை நம்புகிறார், மறுவாரம் சந்தேகப்படுகிறார். நாமும் கூடவே ஊசலாடுகிறோம். அபாரமான பிடிதான். ஆனால் 12 எபிசோடு கேட்ட பிறகும் யார் என்று உறுதியாகத் தெரியாது. கொல்லப்பட்ட பெண்ணோ பாதி வழியிலேயே நம் நினைவிலிருந்து நழுவிவிடுகிறார். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இன் தி டார்க் கேட்பது வேறு. 1996-ல் மிசிசிப்பியின் வினோனாவில் ஒரு ஃபர்னிச்சர் கடையில் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் கர்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஒரே அரசு வழக்கறிஞர் ஆறு முறை விசாரணைக்கு நிறுத்தினார். ஏன்? இந்தக் கேள்விக்கு உழைத்தால் விடை கிடைக்கும். தொகுப்பாளர் மேடலின் பாரனின் குழு அங்கேயே போய்த் தங்கி, ஒவ்வொரு சாட்சியாகத் தேடிப் பிடித்தது. கர்டிஸ் தன்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொன்ன, சிறையிலிருந்த சாட்சியே, அது பொய் என்று சொல்லும் இடத்தில் நான் உறைந்துபோனேன். அப்புறம் ஜூரி தேர்வு, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கு ஆள் எடுப்பது. 26 ஆண்டுப் பதிவுகளைத் தோண்டியதில், அந்த வட்டாரத்தில் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் 4.4 மடங்கு விகிதத்தில் அரசு வழக்கறிஞர் தரப்பால் ஜூரியிலிருந்து நீக்கப்பட்டது தெரிந்தது. புள்ளிவிவரம் இவ்வளவு பதற வைக்கும் என்று நான் நினைத்ததில்லை. 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 2020-ல் வழக்கே கைவிடப்பட்டது.

2017-ல் ஏழு எபிசோடும் ஒரே நாளில் வந்த 'எஸ்-டவுன்' தனி ரகம். கொலைப் புதிரில் தொடங்கி ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள் போய்விடும். அவர் இறந்த பிறகு அவருடைய அந்தரங்கத்தை இவ்வளவு திறந்திருக்க வேண்டுமா என்ற கேள்வியைத் தாண்டி என்னால் அதை ரசிக்க முடியவில்லை.

முதல் முறை கேட்க உட்காருபவரை வேகமாக இழுப்பது சீரியல்தான், சரி. புதிதாக இப்படி ஒரு தொடர் எடுக்க நினைப்பவருக்கு நான் சிபாரிசு செய்வது இன் தி டார்க் கேட்ட மாதிரியான கேள்வியை.