குடும்பத்தோட ஐரோப்பால ரயில் பயணம்: டிக்கெட் செலவைக் குறைச்ச எங்க அனுபவம்

நாங்க இருக்கிறது மியூனிக்ல. வீட்டுல நாலு பேரு, பெரியவளுக்கு 11 வயசு, சின்னவனுக்கு 7. கார் வாங்கல, வாங்கற எண்ணமும் இல்ல, அதனால பல வருஷமா எந்த லீவுக்கு எங்க போனாலும் ரயில்தான். புதுசா இங்க வேலைக்கு வர்ற நம்மாளுங்க கேக்கற முதல் கேள்வி, "ரயில் டிக்கெட் ஃப்ளைட்ட விட ஜாஸ்தியா இருக்கே, நாலு பேருக்கு எப்படிங்க கட்டுப்படியாகுது?" கட்டுப்படியாகும்ங்க. ஆனா ஒருத்தருக்கான விலையப் பாத்து அத நாலால பெருக்கிப் பயந்துடாதீங்க. குடும்பச் செலவ தூரத்த விட ஜாஸ்தியா முடிவு பண்றது பசங்க வயசுதான், அந்த வயசுக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனில 14 முடியற வரைக்கும் குழந்தை, சுவிஸ்லயும் பிரிட்டன்லயும் 15 முடியற வரைக்கும், பிரான்ஸ்லயும், பல நாட்டு ரயில்லயும் செல்லற இண்டர்ரெயில் பாஸ்லயும் 12 ஆனாலே குழந்தைக் கணக்கு முடிஞ்சுது. அதனால ஊர முடிவு பண்றதுக்கு முன்னாடியே பசங்க வயச எழுதி வச்சுக்கிட்டு எந்த நாட்டுல யாருக்குக் காசு, யாருக்கு இல்லன்னு பாக்கறதுதான் எங்க வழக்கம்.

ஜெர்மனிலேர்ந்தே சொல்றேன். டாய்ச்ச பாஹ்ன்ங்கற ஜெர்மன் ரயில்வேல 6 வயசுக்குக் கீழ டிக்கெட்டே வேண்டாம். 6லேர்ந்து 14 வரைக்கும் பெரியவங்க கூட வந்தா ஐசிஇங்கற வேக ரயில் உட்பட இலவசம், ஒரு பெரியவரோட நாலு பசங்க வரைக்கும் போகலாம். நிபந்தனை ஒண்ணே ஒண்ணு, புக் பண்ணும்போதே பசங்களையும் டிக்கெட்டுல சேர்த்திருக்கணும், டிக்கெட் எடுத்தப்புறம் சேர்க்க முடியாது. ஹாம்பர்க் போற ரயில்ல ஒரு தடவை எங்களுக்கு எதிர் சீட்டுல ஒரு அப்பாவும் ஒம்போது பத்து வயசுல ஒரு பொண்ணும். டிக்கெட் செக் பண்ண வந்த அம்மா ஃபோனப் பாத்துட்டு "ஒருத்தர்னுதானே இருக்கு, குழந்தை எங்க?"ன்னு கேட்டாங்க. அவரு "இலவசம்தானே, அத எதுக்கு சேர்க்கணும்?"னாரு. நியாயமான கேள்விதான், ஆனா விதி அப்படி இல்ல, பொண்ணுக்குத் தனியா காசு கட்ட வேண்டியதாப் போச்சு. ஆப் தொறந்தா எப்பவும் பெரியவங்க ஒருத்தர்னுதான் நிக்கும், அங்க போய் வயச மாத்தி ஆள சேர்க்கறத முதல் வேலையா வச்சுக்கோங்க.

பெரியவங்க டிக்கெட்டுக்கு வருவோம். சூப்பர் ஷ்பார்பிரைஸ் (ரொம்ப மலிவு), ஷ்பார்பிரைஸ் (அதுக்கடுத்த மலிவு), ஃப்ளெக்ஸ்பிரைஸ் (முழு விலை)னு மூணு வகை இருக்கு. மியூனிக்லேர்ந்து பெர்லின் மாதிரி தூரத்துக்குக் கூட சூப்பர் ஷ்பார்பிரைஸ் ரொம்ப முன்னாடியே எடுத்தா ஆளுக்கு 20 யூரோ பக்கத்துலயே கிடைச்சிருக்கு, பசங்களுக்குக் காசு இல்லாததால குடும்பத்துக்கே ஒரு வழிக்கு 40 யூரோ அளவுல முடிஞ்சுடும். அதே ரயிலுக்குக் கடைசி வாரத்துல பாத்தா தலைசுத்தும். பெஸ்ட்பிரைஸ்னு ஒரு தேடல் இருக்கு, அத ஆன் பண்ணா அன்னிக்கு எந்த நேரத்து ரயில் மலிவுன்னு வரிசையாக் காட்டும். செவ்வாய், புதன் மத்தியானத்துல பாருங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலத்தையும் ஞாயித்துக்கிழமை சாயங்காலத்தையும் விட்டுடுங்க.

ஆனா எப்பவும் சூப்பர் ஷ்பார்பிரைஸ்தான் நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். அத கேன்சல் பண்ணா ஒரு பைசா வராது. குளிர்காலத்துல பசங்களுக்குக் காய்ச்சல் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? ஷ்பார்பிரைஸ் கொஞ்சம்தான் கூட இருக்கும், பயணத்துக்கு முந்தின நாள் வரைக்கும் கேன்சல் பண்ணலாம், 10 யூரோ பிடிச்சுக்கிட்டு மீதிய வவுச்சராக் குடுப்பாங்க. நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் நாங்க ஷ்பார்பிரைஸ், கோடைல சூப்பர் ஷ்பார்பிரைஸ், பல வருஷமா இதுதான் பழக்கம்.

வருஷத்துல ரெண்டு மூணு நீண்ட தூரப் பயணம் இருந்தா பாஹ்ன்கார்டு 25ங்கற தள்ளுபடிக் கார்டு எடுத்துடுங்க, 62.90 யூரோ, இந்த மலிவு டிக்கெட்டுங்க மேலயும் இன்னொரு 25 சதவீதம் குறையும். பசங்களுக்கு இலவசம்ங்கறதால அவங்களுக்குக் கார்டு வேண்டாம். அது தானா புதுப்பிச்சுக்கற சந்தா, வேண்டாம்னா முடியறதுக்கு ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்போதே நிறுத்தணும், வாங்கின அன்னிக்கே காலண்டர்ல போட்டு வைங்க.

சீட் ரிசர்வேஷன் விஷயத்துல குடும்பங்களுக்கு நிஜமாவே இழப்புதான். முன்னாடி குடும்பத்துக்குன்னு மொத்தமா 10.40 யூரோவுக்கு ஒரு ரிசர்வேஷன் இருந்துச்சு, 2025 ஜூன்ல அத எடுத்துட்டாங்க, இப்ப ரெண்டாம் வகுப்புல சீட்டுக்கு 5.50, அதாவது நாலு பேருக்கு 22 யூரோ, மாறிப் போற ரயில் இருந்தாலும் ஒரு வழிக்கு ஒரே கட்டணம்தான். இந்தக் காச மிச்சம் பிடிக்காதீங்கன்னுதான் சொல்வேன். லீவு நேரத்துல ரெண்டு பசங்கள வச்சுக்கிட்டு வாசல் பக்கம் பெட்டி மேல உக்காந்து அஞ்சு மணி நேரம் போறது யாருக்கும் வேண்டாம். ஐசிஇல கைக்குழந்தைங்களுக்குன்னு தனிப் பெட்டியறை, பசங்க இருக்கற குடும்பங்களுக்குன்னு தனிப் பகுதி ரெண்டும் உண்டு, புக் பண்ணும்போது அத தேர்ந்தெடுங்க. அங்க சத்தம் போட்டாலும் யாரும் முறைக்க மாட்டாங்க.

பக்கத்து ஊருக்குப் போறதுக்கு டாய்ச்லான்ட் டிக்கெட்ங்கற மாசச் சந்தா டிக்கெட். 2023 மே மாசம் 49 யூரோன்னு ஆரம்பிச்சு, 2025ல 58, 2026 ஜனவரிலேர்ந்து 63. ரீஜனல் ரயில், பஸ், டிராம், மெட்ரோ எல்லாம் அடக்கம், ஐசிஇ, ஐசி மாதிரி நீண்ட தூர ரயில் மட்டும் இல்ல. இதுல ஒரு விஷயத்த நிறைய பேரு கவனிக்கறதில்ல, ஐசிஇல இலவசமாப் போற அதே 7 வயசுப் பையன் இந்த டிக்கெட்டோட கூட வந்தா இலவசம் கிடையாது, 6 வயசானா அவனுக்குத் தனி டிக்கெட் எடுக்கணும். அதனால பசங்களோட ஒரு நாள் சுத்தறதுக்கு நாங்க பெரும்பாலும் பயர்ன் டிக்கெட்ங்கற, பவேரியா மாநிலத்துக்கான ஒரு நாள் டிக்கெட்தான், 14 வயசு வரைக்கும் சொந்தப் பசங்களுக்குக் காசு இல்ல, ஆல்ப்ஸ் பக்கம் கார்மிஷ், ஃபூசன் எல்லாம் போய் வரலாம், எல்லை தாண்டி ஆஸ்திரியால சால்ஸ்புர்க், குஃப்ஸ்டைன் வரைக்கும் அதே டிக்கெட் செல்லும். வார நாள்ல காலைல 9 மணிக்கு மேலதான் செல்லுபடி, சனி ஞாயிறு நேரக் கட்டுப்பாடு இல்ல. சால்ஸ்புர்க்குக்கு விருந்தாளிங்கள எத்தனையோ தடவை இப்படித்தான் கூட்டிட்டுப் போயிருக்கோம், அஞ்சு பேரு வரைக்கும் ஒரே டிக்கெட்டுல போகலாம், ஆளு கூடக் கூட தலைக்கு ஆகற காசு குறைஞ்சுக்கிட்டே வரும்.

ஆஸ்திரியாவச் சுருக்கமாச் சொல்லிடறேன். ஓபிபிங்கற அவங்க ரயில்வேல ஃபோர்டைல்ஸ்கார்டு ஃபேமிலின்னு ஒரு வருஷக் கார்டு இருக்கு, 20 யூரோ கூட ஆகாது, கூட ஒரு குழந்தையாவது வந்தா பெரியவங்களுக்கு வழக்கமான கட்டணத்துல பாதி, 14 வயசு வரைக்கும் பசங்களுக்கு இலவசம். ரெயில்ஜெட்ங்கற அவங்க வேக ரயில்ல குழந்தைங்களுக்குன்னு படம் போடற இடம் வேற இருக்கு, மியூனிக்லேர்ந்து வியன்னாவுக்கு நாலு மணி நேரம் எப்படிப் போச்சுன்னே தெரியாது. இன்னொண்ணு, எல்லை தாண்டற ரயில் டிக்கெட்ட ரெண்டு நாட்டு ரயில்வேயும் விக்கறாங்க, ஒரே ரயில், ஒரே நாள், ரெண்டு பக்கத்துலயும் வேற வேற விலை. பசங்க வயசப் போட்டு ரெண்டுலயும் பாத்துட்டு அப்புறம் எடுங்க.

சுவிஸ் காஸ்ட்லின்னு எல்லாரும் ஒதுக்கி வைப்பாங்க. ஹோட்டலும் சாப்பாடும் காஸ்ட்லிதான், ஆனா பசங்க ரயில் செலவு அப்படி இல்ல. ஜூனியர் கார்டுன்னு ஒண்ணு, ஒரு குழந்தைக்கு வருஷத்துக்கு 30 ஃப்ராங்க், அப்பாவோ அம்மாவோ கூட வந்தா 16 வயசு ஆகற வரைக்கும் ரயில், போஸ்ட் பஸ், ஏரில ஓடற கப்பல் எல்லாம் இலவசம். சூரிக்லேர்ந்து லுகானோ ஒரு தடவை போய் வந்தாலே அந்த 30 ஃப்ராங்க் வந்துடும். பெரியவங்களுக்கு ஷ்பார்டாகெஸ்கார்ட, ஒரு நாள் முழுக்க நாடு பூரா சுத்தற டிக்கெட், முன்னாடியே எடுத்தா 52 ஃப்ராங்க்லேர்ந்து கிடைக்கும், நாள் நெருங்க நெருங்க ஏறும். ஊர்லேர்ந்து டூரிஸ்டா வர்றவங்க சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தா சுவிஸ் ஃபேமிலி கார்ட காசு வாங்காமலே குடுப்பாங்க, பசங்களுக்கு ஜூனியர் கார்டு வேண்டாம், ஆனா கேட்டு வாங்கணும். டபுள் டெக்கர் இண்டர்சிட்டில மேல் தளத்துல சறுக்கு மரத்தோட விளையாடற இடமே இருக்குங்க. எங்க பையன் சுவிஸ்னா மலையச் சொல்ல மாட்டான், அந்த ரயிலத்தான் சொல்வான்.

இத்தாலிலதான் கணக்கு போட்டே ஆகணும். டிரெனிடாலியாங்கற அரசு ரயில்வேல பிம்பி கிராட்டிஸ்னு ஒரு சலுகை, ரெண்டுலேர்ந்து அஞ்சு பேரு வரைக்கும் இருக்கற குடும்பத்துல 15 வயசுக்குக் கீழ இருக்கற பசங்களுக்கு இலவசம். படிச்சவுடனே எடுத்துடத் தோணும். ஆனா அதுல பெரியவங்க பேஸ்ங்கற முழுக் கட்டணம் குடுக்கணும். உதாரணத்துக்கு மிலான் டு ரோம் பேஸ் 90 யூரோ, சூப்பர் எகானமிங்கற மலிவு டிக்கெட் 35 யூரோன்னு வச்சுக்கோங்க. சலுகைல போனா ரெண்டு பேருக்கு 180, பசங்களுக்கும் சேர்த்து நாலு பேருக்கும் சூப்பர் எகானமி எடுத்தா 140. இலவசம்னு போட்டிருக்கறதே 40 யூரோ கூட. அதுவே பயணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி, மலிவு சீட்டெல்லாம் தீந்துபோன நேரம்னா அப்ப பிம்பி கிராட்டிஸ்தான் காப்பாத்தும், முழுக் கட்டணங்கறதால மாத்திக்கறதும் சுலபம். அதே ரூட்ல ஈட்டாலோன்னு தனியார் ரயிலும் ஓடுது, போட்டி இருக்கறதால அங்கயும் பாருங்க. ஃப்ளாரன்ஸ் டு பீசா மாதிரி ரீஜனல் ரயில்ல எப்ப எடுத்தாலும் ஒரே விலை, அவசரப்பட வேண்டாம், பேப்பர் டிக்கெட்னா மட்டும் ஏறதுக்கு முன்னாடி பிளாட்ஃபார்ம் மெஷின்ல முத்திரை அடிச்சுடுங்க, இல்லன்னா அபராதம்.

பிரான்ஸுக்கு கார்ட் அவான்டாஜ், 49 யூரோ, ஒரு வருஷம். 27லேர்ந்து 59 வயசு வரைக்கும் வீட்டுல ஒருத்தர் எடுத்தாப் போதும், கூட வர்ற இன்னொரு பெரியவருக்கும் சேர்த்து 30 சதவீதம், 4லேர்ந்து 11 வயசுப் பசங்க மூணு பேரு வரைக்கும் 60 சதவீதம் தள்ளுபடி. போக வர எடுக்கற பயணத்துல சனி ஞாயிறு வரணும்ங்கறதுதான் விதி. வீகோன்னு மலிவு டிஜிவி (பிரான்ஸோட வேக ரயில்) ஒண்ணு ஓடுது, விலை நல்லாத்தான் இருக்கு, ஆனா பெரிய பெட்டிக்குத் தனிக் காசு. பாரிஸ் லா ஷப்பேல்ல நம்ம கடைங்கள்ல மசாலா, அப்பளம், பாத்திரம்னு அள்ளிக்கிட்டுத் திரும்பறவங்க பெட்டிக் கணக்கையும் விலையோட சேர்த்தே போடுங்க.

லேட் ஆனா காசு வாங்கற உரிமையையும் விட்டுடாதீங்க. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 60 நிமிஷம் லேட்டாப் போய்ச் சேர்ந்தா டிக்கெட் விலைல 25 சதவீதம், 120 நிமிஷம்னா 50 சதவீதம், புயல் மாதிரி விதிவிலக்கு இருந்தா தவிர. இது மொத்தமா ஒரே டிக்கெட்டா எடுத்திருந்தாத்தான் முழுசா உதவும். மலிவா இருக்குன்னு துண்டு துண்டா எடுத்து நடுவுல கனெக்‌ஷன் போச்சுன்னா அடுத்த துண்டுக்கு யாரும் பொறுப்பில்ல. தனியாப் போனா நான் துண்டா எடுப்பேன், பசங்களோட போகும்போது பத்து இருபது யூரோ கூட ஆனாலும் ஒரே டிக்கெட்தான். ஜெர்மனில போய்ச் சேர 20 நிமிஷத்துக்கு மேல லேட்டாகும்னு தெரிஞ்சா மலிவு டிக்கெட்டுல இருக்கற குறிப்பிட்ட ரயில் கட்டுப்பாடு போயிடும், அடுத்த ரயில்ல ஏறிக்கலாம்.

பிரிட்டன் போறவங்க ஃபேமிலி அண்ட் ஃபிரண்ட்ஸ் ரெயில்கார்டு எடுங்க, 2025 மார்ச்லேர்ந்து 35 பவுண்டு, பெரியவங்களுக்கு மூணுல ஒரு பங்கு குறையும், 5லேர்ந்து 15 வயசுப் பசங்களுக்கு 60 சதவீதம். லண்டன் டு எடின்பரோ ஒரு தடவை போய் வந்தாலே போட்ட காசு திரும்பிடும்.

அடுத்து எங்க திட்டம் இண்டர்ரெயில். இந்தியன் பாஸ்போர்ட்டா இருந்தாலும் ஐரோப்பால குடியிருக்கறவங்க எடுக்க வேண்டியது இண்டர்ரெயில், ஊர்லேர்ந்து வர்றவங்களுக்கு யூரெயில். ரெண்டுலயும் 4லேர்ந்து 11 வயசுப் பசங்களுக்கு பாஸ் இலவசம், ஒரு பெரியவருக்கு ரெண்டு பசங்க. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் வேக ரயில்ல பாஸ் இருந்தாலும் ரிசர்வேஷன் காசு தனி, பசங்களுக்கும் உண்டு, அதனால அங்க பாஸ் லாபம் குறைவு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ்ல பெரும்பாலான ரயில்ல ரிசர்வேஷன் கட்டாயம் இல்ல, நினைச்ச ரயில்ல ஏறலாம். பாஸ் ஆரம்பிக்கற முதல் நாள்ல என்ன வயசோ அதத்தான் கணக்குல எடுப்பாங்க. பெரியவளுக்கு செப்டம்பர்ல 12 ஆகுது, அதனால ஆகஸ்ட்லயே பாஸ ஆரம்பிச்சு வியன்னா, புடாபெஸ்ட், திரும்பி வரும்போது பிராக்னு போட்டிருக்கோம். பாஸ் ரெண்டு பேருக்கு மட்டும்தான் காசு.