ட்யூஷனா, திண்ணையா? பன்னிரண்டாம் வகுப்பு மார்க்குக்கு ஓர் அலசல்

அக்கா மகன் காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் 70-க்கு 31 வாங்கினான். வீடு பள்ளத்தூரில். அவன் அப்பத்தா முதற்கொண்டு எல்லாரும் சொன்னது ஒன்றே: "காரைக்குடியிலே ட்யூஷன் சேர்த்து விடுங்கப்பா." ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் ட்யூஷன் வாசலையே மிதிக்காமல் 60 எடுத்திருந்தான். அதனால் ட்யூஷனையும், வீட்டுத் திண்ணையில் தானே படிப்பதையும் தராசில் வைத்துப் பார்த்தோம்.

நேரக்கணக்கில் திண்ணைதான் ஜெயிக்கிறது. பள்ளி விட்டதும் பஸ் பிடித்து, வகுப்பில் இருந்து, திரும்பப் பஸ்ஸுக்கு நின்று வீடு சேர இரவு எட்டரை. சாப்பிட்டு உட்கார்ந்தால் கண் சொக்கும். வீட்டில் படித்தால் அந்த மூன்று மணி நேரமும் கையில் இருக்கும். செல்போன் விட்டுவைத்தால்!

சந்தேகம் கேட்பதில் ட்யூஷனுக்கு மார்க் போடலாம் என்று நினைத்தேன். பத்துப் பேர் வகுப்பென்றால் சரி. இவன் போய்ப் பார்த்த இடத்தில் நாற்பது பேர். யாரும் கை தூக்குவதில்லை. ஒரு வாரம் கழித்து அழகான கையெழுத்தில் நோட்ஸோடு வந்தான்.

"புரிஞ்சுச்சா?"

"புரிஞ்சுச்சு மாமா."

"சரி, நோட்டை மூடிட்டு, மின்னியல்ல வர்ற காஸ் விதியை எழுதிக் காட்டு."

இரண்டு வரியில் பேனா நின்றுவிட்டது.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர் இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் சிலர் ஒரு பாடத்தை இரண்டு முறை படித்தார்கள்; மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து? படித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. 'புரிஞ்சுச்சு மாமா' என்பது அந்த ஐந்தாவது நிமிடத்துப் பேச்சு.

இந்த ஊருக்கு இது புதிதுமில்லை. செட்டிநாட்டார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில், கடையில் வேலை பழகிய பெட்டியடிப் பையன்கள் கணக்கை எழுதித்தான் கற்றார்கள்; பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு மட்டும் அல்ல.

ஆகவே ட்யூஷனில் காசு கொடுத்து வாங்க வேண்டியது பாடத்தை அல்ல, தேர்வை. வாராவாரம் டெஸ்ட் வைத்து, தாளைத் திருத்தி, எந்த வரியில் மார்க் போனது என்று காட்டுகிறார்களா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். இல்லையென்றால் பஸ் காசும் தண்டம். திண்ணையின் குறையும் இதுதான்: தன் தாளைத் தானே திருத்துகிறவன் தாராளமாக மார்க் போட்டுக்கொள்வான். இரண்டு பேர் தாளை மாற்றித் திருத்தினால் அந்தக் குறை தீரும். மூன்றாவது ஆள் வந்தால் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும், அனுபவத்தில் சொல்கிறேன்.

வினாத்தாளையும் பிரித்துப் பாருங்கள். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் இயற்பியலுக்கு எழுத வேண்டியது ஒரு மார்க் கேள்வி 15, இரண்டு மார்க் 6, மூன்று மார்க் 6, ஐந்து மார்க் 5, மொத்தம் 70 மார்க். முதல் இரண்டு பகுதிகளின் 27 மார்க்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாடத்துக்குப் பின்னால் இருக்கும் கேள்விகளை விடாமல் எழுதிப் பார்த்தாலே பெரும்பகுதி கைக்கு வரும். சமன்பாட்டைப் படிப்படியாக வருவிக்கச் சொல்லும் ஐந்து மார்க் கேள்விகளுக்கு மட்டும் ஒருவர் உட்கார்ந்து விளக்க வேண்டும். யூடியூப் விளக்கமும் அதற்குப் போதும், பார்த்து முடித்ததும் எழுதினால்.

பொறியியல் படிக்கப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. 200 கட் ஆப்பில் கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் 50, 50. கணிதத்தில் ஒரு மார்க் போனால் முழுதாகப் போகும், இயற்பியலில் போனால் அரைதான். ஒரு பாடத்துக்குத்தான் ட்யூஷன் வைக்க முடியும் என்றால் கணிதத்துக்கு வையுங்கள்.

நாங்களும் அப்படித்தான் செய்தோம். சனி, ஞாயிறு மட்டும் காரைக்குடியில் கணிதம். மற்ற நாளில் பக்கத்து வீட்டுப் பையனோடு திண்ணையில் தாள் மாற்றித் திருத்துவது. அவன் இவனுக்கு இரக்கமே காட்டவில்லை, நல்லதாகப் போயிற்று. அரையாண்டில் இயற்பியல் 46. அப்பத்தாவுக்கு இன்னும் திருப்தியில்லை. "மிச்சம் இருபத்துநாலு எங்கேப்பா போச்சு?" என்கிறார்.