ஆபீஸ் போகும் அம்மாவுக்கு உள்ளாடைக்குள் வைக்கும் தாய்ப்பால் பம்ப்: வாங்கலாமா?

பிராண்ட் பெயர் போடப் போவதில்லை. ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தக் கிண்ண வடிவ பம்புகள் முக்கால்வாசி ஒரே சாயலில்தான் இருக்கின்றன, பெட்டியும் பெயரும்தான் வேறு. அதனால் நான் சொல்வதை அந்த வகைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

எதற்காக வாங்கினேன் என்று தெரிந்தால்தான் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க முடியும். நான் சென்னை ஓஎம்ஆரில் மேனுவல் டெஸ்டிங், அதாவது சாஃப்ட்வேரைக் கையால் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தவள். பிரசவ விடுப்பு முடிந்து போனால் பழைய ப்ராஜெக்ட் இல்லை, பெஞ்ச், அதாவது அடுத்த ப்ராஜெக்ட் வரும் வரை காத்திருப்பு. ஆட்டோமேஷன், அதாவது அந்தச் சோதனையை ப்ரோக்ராம் எழுதி ஓட்டுவது, தெரிந்தால்தான் அடுத்த ப்ராஜெக்ட் என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். ஆக பகலில் ஆபீஸ், ராத்திரி அதற்கான ஜாவாவும் செலினியமும் ஆன்லைன் வகுப்பு, வீட்டில் ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளை. 26 வாரம் விடுப்பு என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே போய்விடலாம். கால் வீங்கி நடக்க முடியாமல் அதை எடுத்தவர்களுக்குப் பிள்ளை பிறந்த பிறகு மிஞ்சுவது 18 வாரம், நாலு மாதமும் கொஞ்சமும். டாக்டரோ ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்கிறார். இந்த இரண்டு கணக்கும் இடிக்கிற இடத்தில்தான் பம்ப் தேவைப்படுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒயர் கிடையாது, குழாய் கிடையாது, கிண்ணத்தை உள்ளாடைக்குள் பொருத்தி சுடிதார் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். ராத்திரி வகுப்பில் கோட் அடித்துக்கொண்டே பால் எடுத்திருக்கிறேன், சுவரில் ப்ளக் போட்டு உட்காரும் பெரிய மெஷினில் அது நடக்காது. சத்தம்? இல்லவே இல்லை என்று விளம்பரத்தில் போடுவதை நம்பாதீர்கள். ஃபோன் வைப்ரேட் ஆவதைப் போல ஓர் உறுமல் இருக்கும். வகுப்பில் மைக்கை அணைத்து வைத்துவிடலாம், நாம் பேச வேண்டிய மீட்டிங்கில் கஷ்டம்.

இப்போது குறைகள். குனிந்தால் சிந்தும். கீழே விழுந்த பேனாவை எடுக்கப் போய் ஒரு தடவை முழுக்க நனைந்து, அன்று மாலை வரை துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கிண்ணம் மூடியிருப்பதால் காம்பு சரியாக நடுவில் இருக்கிறதா என்று வெளியே இருந்து தெரியாது, கொஞ்சம் விலகினாலும் வலிக்கும், பாலும் வராது. பெட்டியில் பெரும்பாலும் காம்பின் மேல் பொருந்தும் 24 மில்லிமீட்டர் புனல்தான் வரும், நிறைய பேருக்கு அது பெரியது. காம்பின் விட்டத்தை அளந்து, தேவைப்பட்டால் உள்ளே செருகும் சிறிய சிலிக்கான் வளையத்தை வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அதை மாற்றிய பிறகுதான் வலி போனது. முக்கியமாக, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும், வாடகைக்கு எடுத்திருந்த இரட்டை மெஷின் அளவுக்கு இது முழுதாக எடுப்பதில்லை. எடுத்து முடித்த பிறகும் மார்பு கனமாக இருந்தால் கையால் பீச்சி விடத்தான் வேண்டும், இல்லையென்றால் பால் கட்டிக்கொள்ளும். கையால் பீச்சும் முறையை ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்காவிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், காசு செலவில்லாத பம்ப் அது.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. உள்ளே வாத்து அலகு மாதிரி ஒரு குட்டி சிலிக்கான் வால்வு இருக்கும். தினமும் ஓட்டினால் சில மாதத்தில் அது தளர்ந்து, உறிஞ்சும் வேகம் குறைந்துவிடும். பால் வற்றிவிட்டது என்று பயந்து நிறைய பேர் பம்ப் செய்வதையே நிறுத்திவிடுகிறார்கள், புது வால்வு போட்டால் பழையபடி வரும். அதனால் வாங்குவதற்கு முன்னால் அந்த மாடலுக்கு வால்வு தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காத மாடல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். உறிஞ்சும் வேகம் ஒன்பது லெவல், பன்னிரண்டு லெவல் என்று பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, நாலுக்கு மேல் நான் போனதே கிடையாது.

எடுத்த பாலை வெளியே நாலு மணி நேரம் வரை வைக்கலாம் என்பார்கள், அது 25 டிகிரி வரை உள்ள அறைக்கு. நம் ஊர் மே மாதத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஐஸ் பேக் போட்ட பையில் 24 மணி நேரம் தாங்கும், ஃப்ரிட்ஜில் உள்பக்கமாக வைத்தால் நாலு நாள், கதவில் வைக்காதீர்கள். வைத்த பாலில் கொழுப்பு மேலே தனியாக மிதக்கும். எங்கள் அத்தை முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு "திரிஞ்சு போச்சுடி" என்று கொட்டப் போய்விட்டார். மெதுவாகச் சுழற்றினால் சேர்ந்துவிடும். அடுப்பில் சுட வைக்காமல் வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கி, சங்கு மாதிரி இருக்கும் பாலாடையில்தான் புகட்டினார். பாட்டில் வாங்கவே இல்லை, அதற்காக அவருக்குக் கோயில் கட்டலாம்.

அப்புறம் அந்த ராத்திரி வகுப்பை வைத்தே வேறு கம்பெனிக்கு மாறினேன், சின்ன ஆபீஸ். 50 பேருக்குக் குறைந்த இடம் என்பதால் அங்கே குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் எங்கே உட்கார்ந்து எடுப்பது? பாத்ரூமிலா? நான் ஸ்டோர் ரூம் சாவியைக் கேட்டு வாங்கினேன். சேருவதற்கு முன்பு ஹெச்ஆரிடம் சம்பளம் பேசும்போதே, தாழ்ப்பாள் உள்ள அறை இருக்கிறதா, ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அறை கிடைத்தால் இந்தக் கிண்ண பம்பே தேவையில்லை, இரட்டை மெஷினையே கொண்டுபோய் பதினைந்து இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு வரலாம். அடுத்த பிள்ளையை யோசித்துக்கொண்டே வேலை மாறுபவர்கள் இதையும் கவனியுங்கள்: பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த கம்பெனியில் குறைந்தது 80 நாள் வேலை பார்த்திருந்தால்தான் சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கும்.

என் மார்க்: ஐந்துக்கு மூன்று. நேரடியாகப் பால் கொடுத்துக்கொண்டே, நடுவில் ஒரு வேளை இரண்டு வேளை மட்டும் எடுப்பவர்களுக்கு வாங்கலாம். நாள் முழுக்க பம்பை மட்டுமே நம்பி இருப்பவர்கள் இரட்டை மெஷினை வாடகைக்கு எடுப்பது நல்லது. பழையதை மட்டும் யாரிடமிருந்தும் வாங்காதீர்கள், இந்த வகை ஒருவர் மட்டும் பயன்படுத்துவதற்கானது, மோட்டார் பக்கம் பால் கசிந்திருந்தால் கழுவவும் முடியாது. சித்தி பெண் என்னுடையதைக் கேட்டாள், தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், ஐஸ் பேக் பையை மட்டும் கொடுத்தேன்.