கியூ10 சாஃப்ட்ஜெல்: மாத்திரை நல்லதுதான், பாட்டிலில் எழுதியிருப்பதுதான் சரியில்லை

செல்கள் ஆற்றல் உண்டாக்க உதவும் கோஎன்சைம் கியூ10 என்ற பொருளின் 100 மில்லிகிராம் சாஃப்ட்ஜெல் ஒரு பாட்டிலை முழுக்கச் சாப்பிட்டு முடித்துவிட்டேன், வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். தயாரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மாத்திரையைக் கீறிப் பார்த்தேன், ஆரஞ்சு நிறத்தில் கெட்டியான எண்ணெய் வந்தது, விரலில் தேய்த்தபோது திட்டுத்திட்டாகவோ மணல் மாதிரியோ எதுவும் தட்டுப்படவில்லை, கறைதான் சீக்கிரம் போகமாட்டேன் என்றது. கியூ10 தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். உலர்ந்த பொடியாக அடைத்துக் கொடுத்தால் உடம்பில் சேருவது ரொம்பக் குறைவு. அதனால் எண்ணெயில் கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள், வெறும் வயிற்றில் போடாமல் கொழுப்புள்ள சாப்பாட்டோடு போடுங்கள். இந்தக் குறிப்பைப் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது ‘செல்களுக்கு உடனடி எனர்ஜி’. இதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கியூ10 எரிபொருளே கிடையாது. செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்குள் அங்குமிங்கும் நகர்ந்து, அங்கே இருக்கும் காம்ப்ளெக்ஸ் 1, 2 என்ற புரதத் தொகுப்புகள் இரண்டிடமும் எலக்ட்ரான்களை வாங்கிக் காம்ப்ளெக்ஸ் 3-இடம் ஒப்படைத்துவிட்டு மறுபடியும் வாங்க வருவது அதன் வேலை. இந்த எலக்ட்ரான் ஓட்டத்தில்தான் புரோட்டான்கள் சவ்வின் மறுபக்கம் தள்ளப்படுகின்றன, அவை திரும்பி வரும்போது செல் ஆற்றலுக்காகச் செலவழிக்கும் ஏடிபி உண்டாகிறது (இதை விளக்கியதற்குத்தான் பீட்டர் மிட்செலுக்கு 1978-இல் வேதியியல் நோபல்). கியூ10-ஐ உடம்பு தானே தயாரித்துக்கொள்கிறது. போதுமான அளவு இருக்கிற ஒருவர் மேலே மேலே விழுங்கினால் சுறுசுறுப்பு பொங்கும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

அப்புறம் யாருக்குத்தான் பயன்? பிறவியிலேயே இதைத் தயாரிக்க முடியாத அரிய குறைபாடு உள்ளவர்களுக்கு இது மருந்து. இதயச் செயலிழப்பில், 2014-இல் வெளியான கியூ-சிம்பயோ ஆய்வு 420 பேரிடம் தினமும் 300 மில்லிகிராம் கொடுத்து நல்ல பலன் கண்டது, ஆனால் அவர்கள் வழக்கமான சிகிச்சையை விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே வருடம் வெளியான பார்க்கின்சன் ஆய்வில் 2400 மில்லிகிராம் வரை கொடுத்தும் பலனில்லை.

நான் வாங்கியது ஸ்டேடினுக்காக, அதாவது கொலஸ்ட்ராலைக் குறைக்க நான் சாப்பிடும் மருந்தால் வரக்கூடிய தசை வலிக்காக. கொலஸ்ட்ராலும் கியூ10-உம் உடம்பில் ஒரே பாதையில்தான் தொடங்குகின்றன, ஸ்டேடின் அந்தப் பாதையைத் தொடக்கத்திலேயே மறிப்பதால் ரத்தத்தில் கியூ10 அளவும் குறைகிறது. காரணம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தசை வலி இதனால் குறையுமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. என் கெண்டைக்கால் வலியில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் எதுவும் தெரியவில்லை. அதனால் இன்னொரு பாட்டில் வாங்கப்போவதில்லை. வலி இருந்தால் டாக்டரிடம் சொல்லி மருந்தையோ அளவையோ மாற்றிப் பார்ப்பதுதான் சரி, நீங்களாக ஸ்டேடினை நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கியூ10-இன் அமைப்பு ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யை ஒத்தது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அந்த மருந்தின் வேகத்தை இது குறைக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். நான் வாங்கிய பாட்டிலில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.