கொதிநீர் ஊற்றிச் செய்யும் சாக்லேட் புட்டிங்: ஒன்பது ஆண்டு அனுபவம்

எங்கள் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நீல மையில் எழுதிய செய்முறை. இன்று பார்த்தால் மூல எழுத்தைவிட நான் பென்சிலில் போட்ட திருத்தங்கள்தான் அதிகம். மேலே தூவும் சர்க்கரை 180 கிராம் என்று இருந்ததை அடித்து 120 ஆக்கியிருக்கிறேன். 45 நிமிடம் 35 ஆகியிருக்கிறது. ஓரத்தில் "கிளறாதே" என்று எழுதி மூன்று முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன். மாதம் இரண்டு முறை என்று கணக்கு வைத்தாலும் இருநூறு தடவைக்கு மேல் செய்தாகிவிட்டது. இவ்வளவு பழகிய பிறகு இதைப் பற்றி உறுதியாகச் சில விஷயங்கள் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஒரே பாத்திரத்தில் மேலே மெத்தென்ற கேக்கும் அடியில் சூடான சாக்லேட் சாஸும் தானாகவே பிரிந்து வரும் புட்டிங் இது. முட்டை கிடையாது, மாவு அடிக்கும் பீட்டர் கருவி வேண்டாம், சாக்லேட் கட்டிகூட வேண்டாம். கொக்கோ பவுடர் போதும். மழை பெய்யும் இரவில் திடீரென்று இனிப்பு வேண்டும் என்று தோன்றினால், அலமாரியில் எப்போதும் இருக்கும் பொருள்களை வைத்தே ஒரு மணி நேரத்துக்குள் மேசைக்கு வந்துவிடும். நான் விடாமல் செய்துகொண்டிருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இந்தப் புட்டிங்கின் உயிர் ஓர் இடத்தில் இருக்கிறது. மாவைப் பாத்திரத்தில் பரப்பி, அதன்மேல் சர்க்கரையும் கொக்கோவும் கலந்து தூவி, கடைசியில் 300 மில்லி கொதிநீரை அதன் தலையிலேயே ஊற்ற வேண்டும். அந்த நிமிடம் பார்ப்பதற்குச் சேற்றுக்குட்டை போல இருக்கும். என் தங்கை முதல் தடவை செய்தபோது அடுப்படியிலிருந்தே போன் பண்ணினாள். "அக்கா, மேல தண்ணி அப்படியே நிக்குது. கெட்டுப்போச்சா? ஒரு கலக்கு கலக்கிடவா?" என்றாள். "கரண்டியை முதல்ல கீழ வை. அப்படியே உள்ள தள்ளி ஓவனை மூடு" என்றேன். அரை மணி நேரம் கழித்துப் படம் அனுப்பினாள். மேலே விரிசல் விட்ட பளபளப்பான கேக், ஓரங்களில் குமிழியிட்டு எட்டிப் பார்க்கும் சாஸ்.

அவள் கேட்ட கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டுக்கொண்டவள்தான். எனக்கு அப்போது சொல்ல ஆளில்லாததால் கிளறிவிட்டேன். வந்தது சாஸும் இல்லை, கேக்கும் இல்லை. களி மாதிரி ஒன்று. அந்த அடிக்கோடுகள் அன்று போட்டவை.

கிளறாமல் விட்டால் உள்ளே நடப்பது இதுதான். கொதிநீர் மேலே இருக்கும் சர்க்கரையையும் கொக்கோவையும் கரைத்துப் பாகாக்குகிறது. பேக்கிங் பவுடர் உருவாக்கும் வாயுவால் மாவு இலேசாகி மேலெழும்புகிறது. கனமான பாகு ஓரங்கள் வழியாகவும் மாவின் ஊடாகவும் அடிக்கு இறங்குகிறது. இறங்கிய பாகில் கொக்கோவின் மாவுச்சத்தும், கலவையிலிருந்து கொஞ்சம் கரைந்து வந்த மைதாவும் வெந்து கெட்டிப்பட, சாஸ் தயார். இந்த இடப்பெயர்ச்சிக்கு மாவும் நீரும் தனித்தனி அடுக்காக இருந்தே ஆக வேண்டும். அதனால் ஊற்றும்போதும் மாவில் பள்ளம் விழக் கூடாது. ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் நீர் விழுந்து வழியும்படி ஊற்றுகிறேன்.

ஆறிய நீரை ஊற்றினால் என்ன என்று ஒருமுறை பார்த்தேன். கொக்கோவில் கொழுப்பு இருப்பதால் குளிர்ந்த நீரோடு அது எளிதில் சேராது. திட்டுத் திட்டாக மிதந்து, மேலே காய்ந்த பொடியாகவே தங்கிவிட்டது. நீருக்குப் பதில் பால் ஊற்றியும் பார்த்தேன். சாஸ் கெட்டியாக வந்தது, ஆனால் சாக்லேட்டின் கூர்மை மழுங்கிப்போனது. நீரே சரி. வீட்டில் காபி குடிக்கிறவர்கள் அந்தக் கொதிநீரில் ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் காபித் தூள் கரைத்துப் பாருங்கள். காபி வாசனை தனியாகத் தெரியாது, சாக்லேட்தான் அழுத்தமாகத் தெரியும். இரண்டாம் ஆண்டில் சேர்த்தது, இன்றுவரை எடுக்கவில்லை.

கொக்கோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ருசி முழுக்க அதன் பொறுப்பு. டப்பாவில் வருவது இரண்டு வகை. ஒன்று இயல்பான கொக்கோ: வெளிர் பழுப்பு, இலேசான புளிப்பு, சுள்ளென்ற சுவை. மற்றது காரம் (புளிப்பை முறிக்கும் ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய 'டச்சு' கொக்கோ: அடர்நிறம், மென்மையான சுவை. 1828-ல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் கொக்கோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது. பிழிந்த பிறகு எஞ்சிய சக்கையைப் பொடித்ததுதான் நாம் இன்று வாங்கும் கொக்கோ பவுடர். அதில் காரம் சேர்த்துப் புளிப்பைக் குறைக்கும் முறையைக் கொண்டுவந்தவர் அந்தக் குடும்பத்தின் கோன்ராட் வான் ஹூட்டன். டச்சு என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. உங்கள் கையில் இருப்பது எது என்று அறிய, டப்பாவின் பின்புறம் உள்ளடக்கப் பட்டியலில் 'ஆல்கலி' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் இரண்டையும் ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன். இப்போது என் வழக்கம்: மாவுக்குள் இயல்பான கொக்கோ, மேலே தூவுவதற்கு டச்சு. கேக்கில் ஒரு சுறுசுறுப்பு இருக்கிறது, சாஸ் கரும்பளபளப்பாக, கசக்காமல் வருகிறது. ஒன்றுதான் இருக்கிறதென்றால் எதுவானாலும் போடுங்கள். பேக்கிங் பவுடரில் அதற்கு வேண்டிய அமிலம் உள்ளேயே இருப்பதால் இரண்டு கொக்கோவிலும் மாவு எழும்பும். பேக்கிங் சோடாவை மட்டும் அதன் இடத்தில் போடாதீர்கள். பவுடர் தீர்ந்துபோன ஒரு நாள் நான் போட்டேன், அதுவும் டச்சு கொக்கோவோடு. சோடாவோடு வினைபுரியப் போதிய புளிப்பு கலவையில் இல்லை. சோப்பு வாடை. முழுப் பாத்திரத்தையும் கொட்ட வேண்டியதாயிற்று. (வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் கொட்டுவதிலும் கவனமாக இருங்கள்; கொக்கோவில் உள்ள தியோபுரோமின் நாய்களுக்கு நஞ்சு.)

பேக்கிங் பவுடர் என்றதும் எனக்கு ஒருவர் மேல் அன்பு வரும். பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட், 1843-ல் அதை உருவாக்கினார். ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவி நல்ல ரொட்டி சாப்பிட வேண்டும் என்பதற்காக. மனைவிக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாததால் முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரை அதற்கு முன்பே செய்து கொடுத்திருந்தார். என் மகளின் நெருங்கிய தோழிக்கு முட்டை ஆகாது. அவள் எங்கள் வீட்டுக்கு வரும்போது எதையும் விசாரிக்காமல், பயமில்லாமல் இரண்டாம் முறை கிண்ணத்தை நீட்டுகிற இனிப்பு இது. இந்தப் புட்டிங் முட்டையில்லாமல் எழும்புவதற்கு அந்தப் பவுடர்தான் முழுக்காரணம். எனவே அதைப் பழசாக விடாதீர்கள். அரை டீஸ்பூனைச் சூடான நீரில் போட்டால் சடசடவென்று நுரைக்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழி விட்டால் புதிது வாங்குங்கள். கலந்த மாவையும் காக்க வைக்கக் கூடாது, ஈரம் பட்ட நொடியிலேயே பவுடர் வேலையைத் தொடங்கிவிடும்.

ஓவன் விஷயத்தில் நான் ஏமாந்தது நான்கு ஆண்டுகள். 180 டிகிரி என்று திருகிவிட்டு 45 நிமிடம் காத்திருப்பேன். ஒரு நாள் சரியாக வரும், மறுநாள் நடுவில் பச்சை மாவாக இருக்கும். செய்முறைதான் தவறு என்று நம்பி அளவுகளை மாற்றிக்கொண்டே இருந்தேன். பிறகு ஓவனுக்குள் வைக்கும் சிறிய தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். திருகு 180 காட்டும்போது உள்ளே 165 தான். முன்சூடு விளக்கு அணைந்த பிறகும் உள்ளே சூடு நிலைக்க இன்னும் பத்து நிமிடம் வேண்டியிருந்தது. உண்மையான 180 கிடைத்த நாளிலிருந்து 35 நிமிடம் பிசகுவதில்லை. இந்தப் புட்டிங்குக்காக நான் வாங்கிய பொருள்களில் உபயோகமானது அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன்.

வெந்ததா என்று பார்ப்பதற்குப் பல்குச்சியை அடிவரை குத்தாதீர்கள். அடியில் சாஸ் இருக்கிறது, குச்சி எப்போதும் ஈரமாகத்தான் வரும். அதை நம்பி இன்னும் பத்து நிமிடம் விட்டால் சாஸ் வற்றிப்போய் வெறும் கேக் மிஞ்சும். மேலே உள்ள பாதியில் மட்டும் குத்திப் பாருங்கள். ஓரங்கள் குமிழியிட்டு, நடுப்பகுதி தொட்டால் மெல்ல எழும்பினால் எடுத்துவிடலாம். எடுத்ததும் சாஸ் நீர்த்திருக்கும். பத்து நிமிடம் விட்டால் ஆற ஆறக் கெட்டிப்படும். இந்தப் பத்து நிமிடத்தைக் குழந்தைகளிடம் விளக்குவதுதான் முழு வேலையிலும் கடினமானது.

பாத்திரம்: 20 செ.மீ. சதுரம், உயரம் குறைந்தது 5 செ.மீ. கண்ணாடி, பீங்கான், அலுமினியம் மூன்றிலும் செய்திருக்கிறேன். கண்ணாடியில் சாஸ் இறங்குவதைப் பார்க்கலாம், அந்த மகிழ்ச்சிக்காகவே என் ஓட்டு அதற்கு. ஆனால் சூடான கண்ணாடியை ஈரமான கல்மேடையில் வைக்க வேண்டாம், வெடிக்கும். காய்ந்த துணியை மடித்து அதன்மேல் வையுங்கள்.

குறைகளும் உண்டு. இது அன்றைக்கே சாப்பிட வேண்டியது. மறுநாள் கேக் சாஸை உறிஞ்சிக்கொள்ளும். மைக்ரோவேவில் அரை நிமிடம் சூடாக்கி, ஒரு ஸ்பூன் பால் விட்டால் சுமாராக மீளும், முதல் நாளின் குழைவு வராது. துண்டு போட முடியாது, எங்கும் எடுத்துப் போக முடியாது. பிறந்தநாளுக்கு வெட்ட வைக்கும் கேக்குக்கு இது மாற்று அல்ல. பார்வைக்கும் அழகில்லை. ஆனால் ஒருநாள் உடம்பு முடியாமல் படுத்திருந்து, இரவில் எழுந்து வந்த என் கணவர், கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டு முடித்தது எனக்கு நினைவிருக்கிறது. படம் எடுக்க அழகான எந்த இனிப்புக்காகவும் இதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

தாளில் இனி எழுத இடமில்லை. திருத்தங்கள் எல்லாம் சேர்ந்த இன்றைய அளவை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். மைதா 125 கிராம், சர்க்கரை 100 கிராம், கொக்கோ 15 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். இவற்றைச் சேர்த்துச் சலிக்கவும். பால் 120 மில்லி, உருக்கிய வெண்ணெய் 60 கிராம், வெனிலா 1 டீஸ்பூன் ஊற்றி, மாவு ஈரமானதும் கலப்பதை நிறுத்தவும். அதிகம் கலந்தால் ரப்பர் போல இழுக்கும். வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் பரப்பி, நாட்டுச்சர்க்கரை 120 கிராமும் கொக்கோ 25 கிராமும் கட்டியில்லாமல் கலந்து தூவவும். கொதிநீர் 300 மில்லி, கரண்டி முதுகில். உண்மையான 180 டிகிரியில் 35 நிமிடம். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் விட்டு, ஆழமான கரண்டியால் அடிவரை அள்ளி, சாஸ் மேலே வரும்படி கிண்ணத்தில் கவிழ்க்கவும்.