"லினக்ஸ்ல ஓடும் சார்" என்றால் நம்பி வைஃபை டாங்கிள் வாங்காதீர்கள்

சென்னை ரிச்சி தெருவுக்கு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 1,150 ரூபாயும் இரண்டு வாரமும் போனது.

அக்கா மகள் கல்லூரிக்கு எடுத்துப்போகும் பழைய லேப்டாப்பில் வைஃபை கார்டு செத்துவிட்டது. அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். அதனால் கடையில் தெளிவாகவே கேட்டேன், ஏஆர்9271 சிப் உள்ளது வேண்டும் என்று. அதற்கான டிரைவர் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது, சிப்புக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரும் திறமூலம். கடைக்காரர் ஒரு பெட்டியை நீட்டி, "அதேதான் சார், லினக்ஸ்ல நல்லா ஓடும்" என்றார். பெட்டியிலும் லினக்ஸ் என்று அச்சிட்டிருந்தது. 650 ரூபாய் கொடுத்தேன்.

வீட்டில் செருகினால் வைஃபைக்குப் பதில் ஒரு சிடி டிரைவ் வந்து நிற்கிறது. அதற்குள் விண்டோஸ் டிரைவர் மட்டும். இந்த வகை டாங்கிள்கள் முதலில் தங்களைச் சிடியாகத்தான் காட்டும். யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல் கொண்டு வைஃபையாக மாற்றிய பிறகுதான் தெரிந்தது, உள்ளே இருப்பது ரியல்டெக் ஆர்டிஎல்8811சியு. அந்தச் சிப் மோசமானது என்று சொல்லவில்லை. அதன் யூஎஸ்பி டிரைவர் கெர்னலில் சேர்ந்தது 6.2 பதிப்பில், 2023 பிப்ரவரியில். டெபியன் 12-இல் இருப்பது அதற்கு முந்தைய 6.1, அதில் அந்த டிரைவர் இல்லை.

திருப்பிக் கொண்டுபோனேன். "சீல் பிரிச்சாச்சு, எடுக்க முடியாது. 500 குடுங்க, நம்ம பையன் டிரைவர் போட்டுத் தருவான்." பிள்ளைக்கு மறுநாள் ப்ராஜெக்ட் அனுப்ப வேண்டும். கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் ஓடியது. அப்புறம் ஒரு பாதுகாப்பு அப்டேட்டில் கெர்னல் மாறியதும் வைஃபை காணாமல் போனது. அந்தப் பையன் டிரைவரை அன்றைக்கு இருந்த கெர்னலுக்கு மட்டும் கம்பைல் செய்திருக்கிறான். டிரைவரைத் தானாகக் கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ்-இல் சேர்த்திருந்தால் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதுவே மறுபடி கட்டிக்கொண்டிருக்கும். கேட்டதற்குக் கடைக்காரர் சொன்ன பதில்தான் எனக்கு ஆறவே இல்லை: "அப்டேட்டை நிறுத்திடுங்க சார்." கல்லூரி வைஃபையில் தினமும் இணைகிற மாணவிக்குச் சொல்லும் யோசனையா இது?

கடைசியில், புதிய பதிப்புகளைப் பழைய டெபியனுக்குத் தரும் பேக்போர்ட்ஸ் தொகுப்பிலிருந்து புதிய கெர்னலைப் போட்டேன். வெளி டிரைவர் எதுவும் இல்லாமல் அதே டாங்கிள் இப்போது ஓடுகிறது. அந்த 500 ரூபாய்க்கு அவசியமே இருந்திருக்கவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம் என்று பார்த்தால், என் பில்லில் 'வைஃபை அடாப்டர்' என்று மட்டும் இருக்கிறது. எந்தச் சிப் கேட்டேன் என்பதற்குச் சான்றே இல்லை. நீங்கள் சிப் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். லேப்டாப்பையும் கையோடு கொண்டுபோய், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே செருகி செருகிய கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளை கொடுத்துப் பாருங்கள். ஏஆர்9271 என்றால் அடையாள எண்ணின் பின்பாதியில் பெரும்பாலும் 9271 என்று வரும். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், 150 எம்பிபிஎஸ் வரைதான். 5 கிகாஹெர்ட்ஸும் வேண்டுமென்றால் மீடியாடெக் எம்டி7612யு கேளுங்கள், அதன் டிரைவர் 4.19 பதிப்பிலிருந்தே கெர்னலில் இருக்கிறது.