கோமீ, ஏ கோமிதோ: ஸ்பானிஷ் இறந்தகாலத்தில் எதை முதலில் கற்பது?

'சாப்பிட்டேன்' என்று ஸ்பானிஷில் சொல்ல இரண்டு வடிவங்கள் போட்டியிடுகின்றன. ஒன்று தனிச்சொல்: கோமீ. மற்றொன்று துணைவினையோடு வருவது: ஏ கோமிதோ. (பழக்கத்தைச் சொல்லும் 'கோமியா' வேறு வேலைக்கானது, அது இந்தப் போட்டியில் இல்லை.)

கற்க எளிது இரண்டாவதுதான். அபேர் என்ற துணைவினையின் ஆறு வடிவங்களை மனப்பாடம் செய்தால் போதும். ஸ்பெயினுக்கு வெளியே என்றால் ஐந்தே. அதை அடுத்து வரும் சொல் ஆளுக்கு ஆள் மாறாது. எச்சோ (செய்த), திச்சோ (சொன்ன), விஸ்தோ (பார்த்த) என விதிவிலக்குகளும் கொஞ்சம்தான்.

தனிச்சொல் வடிவம் அப்படி விட்டுக்கொடுக்காது. கோமீ, கோமிஸ்தே, கோமியோ என்று விகுதி மாறிக்கொண்டே போகும். அன்றாடம் புழங்கும் வினைகளே விதியை மீறுகின்றன: 'தெசீர்' (சொல்லுதல்) 'திஹே' (சொன்னேன்) ஆகிவிடுகிறது, 'போனேன்', 'இருந்தேன்' இரண்டுக்கும் 'ஃபுயி' என்ற ஒரே சொல். அழுத்தத்தை வேறு கவனிக்க வேண்டும். முதல் அசையை அழுத்தி 'ஆப்லோ' என்றால் 'பேசுகிறேன்'; கடைசி அசையை அழுத்தினால் 'அவர் பேசினார்'.

பயன்பாட்டில் ஊருக்கு ஊர் வேறுபாடு. மாட்ரிடில் இன்று சாப்பிட்டதற்கு 'ஓய் ஏ கோமிதோ', நேற்றையதற்கு 'அயேர் கோமீ'. மெக்சிகோ நகரிலும் புவெனஸ் ஐரிஸிலும் இன்றோ நேற்றோ பெரும்பாலும் கோமீதான். ஸ்பெயினுக்குள்ளேயே கலிசியா, அஸ்தூரியாஸ், கனேரி தீவுகள் தனிச்சொல்லின் பக்கம் சாய்கின்றன.

தமிழருக்கு மெக்சிகோ வழக்கு இயல்பாகப் படியும். காலையில் சாப்பிட்டாலும் போன மாதம் சாப்பிட்டாலும் நமக்குச் 'சாப்பிட்டேன்' ஒன்றுதானே? 'பாயேயா (ஸ்பெயினின் அரிசி உணவு) சாப்பிட்டிருக்கிறேன்' என்று அனுபவத்தைச் சொல்லும்போதுதான் துணைவினையைத் தேடுகிறோம். ஏ கோமிதோ அங்கே அழகாகப் பொருந்தும்.

எளிதானதிலிருந்து தொடங்கத்தான் பலருக்கும் ஆசை வரும். நான் கடினமானதையே முதலில் கற்கச் சொல்வேன். 'ஓய் கோமீ' என்றால் மாட்ரிடிலும் தடையின்றிப் புரிந்துகொள்வார்கள். 'அயேர் ஏ கோமிதோ' என்பதோ அங்கேயே காதில் உறுத்தும். மாட்ரிடுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் மட்டும் அபேரின் வடிவங்களையும் கையோடு சேர்த்துப் பயில வேண்டும். 'இன்று காலை' என்று வாயெடுக்கும்போதெல்லாம் அவை தேவைப்படும்.